மாவுக்கட்டும் மஞ்சள் போர்வையும்

அந்த வீட்டு அம்மாவின் பின்னல் வேலை இரண்டு வகை. ஒன்று பயணப் பின்னல், இன்னொன்று வீட்டுப் பின்னல். பயணப் பின்னல் என்றால் குல்லா, மஃப்ளர் மாதிரி சின்னச் சமாச்சாரம். கைப்பையில் சாவி, சீப்பு, தலைவலி மாத்திரை எல்லாவற்றோடும் சுருண்டு கிடக்கும். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் வெளியே வரும். அவள் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேசையில் ஃபோனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மறுமுனையில் யாரோ டாக்டரைத் தேடப் போயிருக்கும் நேரத்திலும் வெளியே வரும். வீட்டுப் பின்னல் பெரியது, எண்ணிக்கை தப்பக் கூடாதது. அதற்கு சோபாவின் ஒரு மூலையும் ஒரு துணிப்பையும் ஒதுக்கியிருந்தாள். குக்கர் விசில் வருவதற்கு முன்னால் ஒரு வரிசை, துணி துவைக்கும் மிஷின் சுற்றி முடிப்பதற்குள் இரண்டு வரிசை என்று, குடும்பம் கடித்துத் துப்பிய நேரத்தை எல்லாம் பொறுக்கிப் பொறுக்கித்தான் அவள் பின்னினாள்.

அவள் ஊசியைப் பிடித்துவிட்டால் வீட்டில் ஒரு சட்டம் அமலுக்கு வந்துவிடும். வரிசை முடிகிறவரை யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டால் ஒரு விரலை மட்டும் உயர்த்துவாள். "உங்கம்மா கைல ஊசி இருக்கறப்ப வீடு பத்திக்கிட்டாலும், வரிசை முடிஞ்சப்புறம்தான் தண்ணி ஊத்துவா" என்று லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன் மகளிடம் கிண்டல் செய்வான். மகள் சிரிப்பாள். மகளுக்கு அப்பா எது சொன்னாலும் சிரிப்பு வரும், அது அவளுடைய பலவீனம்.

அந்தச் சமயத்து வீட்டுப் பின்னல், அவளுடைய தங்கைக்குப் பிறக்கப்போகும் முதல் குழந்தைக்கான போர்வை. இளமஞ்சள் கம்பளி நூல், நடுவில் அலை அலையாக ஒரு வளைவு. குழந்தை பிறந்ததும் ஒரு சனிக்கிழமை அம்மாவும் மகளும் பஸ் ஏறிப் போய்ப் போர்வையைக் கொடுப்பது என்று பேச்சு. சித்திக்கு அடுத்தபடியாகக் குழந்தையைத் தூக்கப்போவது தான்தான் என்று மகள் அறிவித்திருந்தாள். தலையணையை வைத்துக்கொண்டு கழுத்தை எப்படித் தாங்குவது என்று பழகிக்கூடப் பார்த்தாள்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். மெக்கானிக் சறுக்கியது ஒரு மாடிப்படியில், கையில் டீ கிளாஸோடு. எத்தனையோ கட்டடங்களில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி ஏறியவன், பட்டப்பகலில் படியில் வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டான். முழங்கால்வரை மாவுக்கட்டு. வேலைக்கு லீவு. மனைவி ஆஸ்பத்திரிக்கும் மகள் பள்ளிக்கூடத்துக்கும் போனபிறகு, வீட்டில் அவனும் டிவியும் சுவரும்தான்.

சும்மா இருப்பது சுகம் என்று சொன்னவன் எவனும் கால் உடைந்து கிடந்திருக்க மாட்டான். முதலில் பேப்பரை விளம்பரம் உட்படப் படித்தான். பிறகு மிக்ஸியைக் கழற்றி மாட்டினான், அதில் ஒரு திருகு மிஞ்சிப்போய் மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான். ஒரு மத்தியானம் சோபா இடுக்கில் விழுந்த ரிமோட்டைத் துழாவும்போது துணிப்பை கையில் அகப்பட்டது. எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தாக வேண்டும் அவனுக்கு. இத்தனை வருஷமாக மனைவியின் கைகளை ஓரக்கண்ணால் பார்த்திருந்தான். நூல் எங்கே சுற்றுகிறது, ஊசி எங்கே நுழைகிறது என்பது பாதி தெரியும். மீதியை ஃபோனில் ஒரு வீடியோவைப் போட்டுப் பார்த்துக்கொண்டான். மிச்சம் மீதி நூலில் கொஞ்ச நாள் பழகினான். கை ஓடத் தொடங்கியதும் துணிந்து போர்வையிலேயே ஒரு வரிசை போட்டான்.

அன்று சாயங்காலம் மனைவி போர்வையைத் தூக்கிப் பார்த்தாள். "நேத்தே இவ்வளவு தூரம் வந்துட்டேனா? ஆனா கொஞ்சம் இறுக்கமா விழுந்திருக்கு. ஆஸ்பத்திரியில ஒருத்தர் வந்து கத்திட்டுப் போனார்ல, அந்தக் கோபமெல்லாம் கைல இறங்கியிருக்கு."

"இருக்கும் இருக்கும்" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னான் அவன். சிரிப்பை அடக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அதற்குப் பிறகு தினமும் ஓரிரு வரிசை. ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, கட்டுப்போட்ட காலை ஸ்டூலில் நீட்டி, அலை வளைவு வராத சாதா வரிசையாகப் பார்த்துப் பின்னுவான். அவனுக்கு அது பிடித்திருந்தது. மோட்டார் சத்தத்திலும் கிரீஸ் நாற்றத்திலும் வளர்ந்த கை, மெத்தென்ற நூலுக்குள் போய் வந்து ஒழுங்காக ஒரு துணியை உண்டாக்குவது அவனுக்கே ஆச்சரியமாக இருந்தது. மனைவியின் பாரத்தில் கொஞ்சம் குறைகிறது என்ற நினைப்பும் இனித்தது.

அவளிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்லியிருக்கலாம்தான். ஆனால் ஐயாவுக்கு ஒரு பழைய கதை இருந்தது. அவர்கள் கம்பெனியில் ஒருவன் தன் பேன்ட் கிழிசலைத் தானே தைப்பான், மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோர் முன்னாலும். அவனுக்கு 'தையலம்மா' என்று பெயர் வைத்தது நம் மெக்கானிக்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. மேனேஜர்கூடத் தவறிப்போய் ஒருநாள் அப்படிக் கூப்பிட்டுவிட்டார். அந்த ஆள் கடைசியில் வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டான். இந்தக் கதையை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறான் மெக்கானிக். தான் வைத்த பெயர் தன் வாசலுக்கே வந்து நின்றால் என்ன ஆகும் என்று அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

மகளுக்கு ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. கையில் சாவி இருந்தும், பள்ளிக்கூடம் விட்டு வந்தால் காலிங் பெல்லை அடித்துவிட்டு வாசலிலேயே நிற்பாள். "சாவி எதுக்குக் குடுத்திருக்கு? நொண்டிக்கிட்டு வந்து நான் திறக்கணுமா?" என்று அவன் கடிந்துகொள்வான். "மறந்துட்டேம்ப்பா" என்பாள்.

குழந்தை பிறந்துவிட்டது, பெண் குழந்தை என்று ஃபோன் வந்தது. வருகிற சனிக்கிழமை கிளம்புவது என்று முடிவானது. போர்வை முடியும் தறுவாயில் இருந்தது. அந்த வாரத்தில் ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் கம்பெனியிலிருந்து சுருட்டை வந்து சேர்ந்தான். தலைமுடியால் வந்த பெயர்; அதுவும் மெக்கானிக் வைத்ததுதான். வாசல் கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

"அண்ணே, உள்ள வரலாமா?" என்று கேட்டபோதே சுருட்டை உள்ளே வந்துவிட்டான்.

மடியில் இருந்த போர்வையை அள்ளி, முதுகுக்குப் பின்னால் திணித்து, அதன்மேலேயே சாய்ந்துகொண்டான் மெக்கானிக். ஊசி முதுகில் குத்தியது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதையாக வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தான். சுருட்டை சாவகாசமாகக் கம்பெனி வம்பெல்லாம் பேசினான். பக்கத்துக் கட்டடத்து லிஃப்டில் மாட்டிக்கொண்ட மாமியார் மருமகள் கதையைச் சொன்னான். சனிக்கிழமை தான் காரில் வந்து அண்ணியை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடுவதாகவும் சொன்னான். அவன் கிளம்பிப் போனதும் பின்னால் கையைவிட்டுப் போர்வையை எடுத்தால், ஒரு ஊசி உருவிக்கொண்டு தனியாக வந்தது.

கண்ணிகள் வரிசையாகக் கழன்று, ஏணியில் இறங்குவதுபோல் கீழே கீழே அவிழ்ந்துகொண்டிருந்தன. கழன்ற கண்ணியை மேலே ஏற்ற அவனுக்குத் தெரியாது. வீடியோவில் அதுவரை அவன் போயிருக்கவில்லை. பதற்றத்தில் எதையோ பிடித்து இழுத்தான், ஒரு மூலை முழுக்கச் சுருங்கியது. சிக்கு விழுந்தது. சிக்கை எடுக்கிறேன் என்று கத்திரியைப் போட்டான். வெட்டியதை ஒட்டுகிறேன் என்று, கம்பியைக் கட்டுவதுபோல் இறுக்கி முடிச்சுப் போட்டான். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்கானது. எல்லாவற்றையும் துணிப்பையில் திணித்து, பையைப் பழைய மூலையிலேயே வைத்துவிட்டு டிவியைப் போட்டுக்கொண்டான்.

சாயங்காலம் மனைவி குக்கரை ஏற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். மகள் தரையில் புத்தகம் விரித்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பையிலிருந்து போர்வை வெளியே வந்தது. முடிச்சை அவள் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள்.

"யார் இதைத் தொட்டது?"

கேள்வி பொதுவாகத்தான் வந்தது. ஆனால் பார்வை மகளிடம் போனது. 'எனக்கும் சொல்லிக்குடும்மா' என்று மகள் நச்சரித்துக்கொண்டிருந்ததும், 'இது முடியட்டும்டி' என்று தான் தள்ளிப்போட்டதும் அவளுக்கு ஞாபகம் இருந்திருக்கும்.

மகள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அவன் டிவியைப் பார்த்தான். டிவியில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. வாழ்நாளில் எந்த சோப்பையும் அவன் அவ்வளவு அக்கறையாகப் பார்த்ததில்லை.

"நான்தாம்மா. கத்துக்கலாம்னு எடுத்தேன்" என்றாள் மகள்.

"கத்துக்கறதுக்குக் கத்திரி எதுக்குடி? கேட்டுட்டு எடுக்கணும்னு தோணலையா? நானே எப்பப்ப நேரம் கிடைக்கும்னு அலைஞ்சு அலைஞ்சு..." சுருங்கிய மூலையைத் தூக்கிக் காட்டினாள். "பஸ்ல நின்னுக்கிட்டு வந்த அலுப்போட வந்து உக்காந்து போடறேன். ஆளாளுக்குப் பிச்சுப்போட்டா நான் எங்க போவேன்?"

"சாரிம்மா."

இந்த இடத்திலாவது அவன் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறந்தான். "சரி விடு, குழந்தைதானே" என்றான்.

நீங்கள் சரியாகத்தான் படித்தீர்கள். பெரிய மனசு பண்ணி, மகளுக்காகப் பரிந்து பேசினான் அந்த உத்தமன்.

"நீங்க குடுக்கற செல்லம்தான் எல்லாத்துக்கும் காரணம்" என்றாள் மனைவி. "சனிக்கிழமை நான் மட்டும் போறேன். இவ உங்களோடயே இருக்கட்டும்."

மகளின் பேனா அப்படியே நின்றது. முகம் கீழே போயிற்று. கொஞ்சம் கழித்துப் பேனா மறுபடி நகர்ந்தது. இப்போது சொல்லலாம், இதோ சொல்லலாம் என்று அவன் இருந்தபோதே குக்கர் விசில் அடித்து, மனைவி எழுந்து போய்விட்டாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவள் கெட்டுப்போன வரிசைகளைப் பிரித்து மறுபடி பின்னினாள். பயணப் பின்னல், வீட்டுப் பின்னல் என்ற பேதமெல்லாம் போய்விட்டது. போர்வையையே பையில் சுமந்துகொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அடுப்பங்கரையில் நின்றுகொண்டே பின்னினாள். விரல் நுனி சிவந்திருந்ததை அவன் பார்த்தான். மகளோ எப்போதும் போலவே இருந்தாள். அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், கட்டுக்குள் அரிக்கிறது என்றால் ஸ்கேலை எடுத்துவந்து நீட்டினாள். அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னான். "ஏம்மா அப்படிச் சொன்னே?"

"எப்படி?"

"நீ எடுக்கலையே. உனக்குத் தெரியும்ல."

மகள் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "ஒருநாள் ஸ்கூல் சீக்கிரம் விட்டுட்டாங்க. சாவி போட்டுத் திறந்தேன். நீ திரையெல்லாம் மூடிட்டு பின்னிக்கிட்டிருந்தே. நாக்கைக் கடிச்சுக்கிட்டு. சத்தம் போடாம மறுபடி சாத்திட்டுப் போய் பெல் அடிச்சேன்."

"அதனாலதான் தினமும் பெல்லா?"

"நீ ஒளிச்சு வைக்க நேரம் வேணும்ல."

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கட்டின்மேல் அவளே ஸ்கெட்ச் பேனாவால் வரைந்திருந்த பூவைப் பார்த்தான். இந்தப் பெண்ணைத்தான் சாவியை மறக்கிறாய் என்று நாள்தவறாமல் திட்டியிருக்கிறான்.

"அதைச் சொல்லியிருக்கலாமே அம்மாகிட்ட?"

"சொன்னா அம்மா சிரிப்பாங்க, சித்திகிட்ட சொல்லுவாங்க. சுருட்டை சித்தப்பாவுக்குத் தெரியும். அப்புறம் உனக்கும் தையலம்மான்னு பேர் வந்துடும்" என்றாள் மகள். "அந்த அங்கிள் பாவம் வேற ஊருக்கே போயிட்டார்னு நீதான சொன்னே. நீயும் அப்படிப் போக வேண்டியதாயிட்டா?"

தான் சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதையை இந்தக் குழந்தை இப்படி வாங்கி வைத்திருக்கிறது. கதையின் முடிவில் 'பாவம்' என்ற சொல்லை அவன் ஒருநாளும் சொன்னதில்லை. அது அவளாகச் சேர்த்துக்கொண்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

"இன்னைக்கே அம்மாகிட்ட சொல்லிடறேன்" என்றான். சொன்னானா? இல்லை. மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் கடைக்குப் போய்விட்டு, களைத்து வந்து, கடைசி வரிசையை மூடிப் போர்வையை மடித்தாள். "அப்பாடா, முடிஞ்சுது" என்று அவள் சிரித்த சிரிப்பைக் கெடுக்க மனசு வரவில்லை என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டான். கோழைக்குக் காரணத்துக்கா பஞ்சம்?

சனிக்கிழமை காலை மனைவி புடவை மாற்றித் தயாராக நின்றாள். போர்வை காகிதத்தில் சுற்றிப் பைக்குள் போய்விட்டது. வீட்டு உடையில் வந்த மகள் அம்மாவின் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக் கொடுத்தாள். "பாப்பாவ போட்டோ எடுத்து அனுப்பும்மா. கையை மட்டும் தனியா ஒண்ணு எடு" என்றாள். அந்தக் 'கையை மட்டும்' அவன் காதிலேயே நின்றது. அதே நேரம் பார்த்து சுருட்டை கார் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றான். வேறு ஆள் கிடைக்கவில்லை பாருங்கள்.

"இரு" என்றான் மெக்கானிக். ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தான். "அவளையும் கூட்டிட்டுப் போ. போர்வையைக் கெடுத்தது அவ இல்ல. நான்."

மனைவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கிளம்பற நேரத்துல என்னங்க இது? அவளைக் காப்பாத்தணும்னு பொய் சொல்லாதீங்க."

"பொய் இல்ல. தினமும் நான்தான் பின்னிக்கிட்டிருந்தேன்."

"நீங்களா? சட்டைப் பொத்தான் போனா ஸ்டேப்ளர் அடிக்கற ஆளு."

சுருட்டை சத்தமாகச் சிரித்தான். ஒரு கணம், இந்தச் சிரிப்போடு சிரித்து இதை அப்படியே விட்டுவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது உண்மை. மகள் சமையலறை வாசலில் நின்று வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தாள். அதைப் பார்த்ததும்தான் அவன் கையை நீட்டினான்.

"பையில மஃப்ளர் வெச்சிருப்பியே, அதைக் குடு."

அவள் என்ன நினைத்தாளோ, கொடுத்தாள். அவன் மறுபடி உட்கார்ந்து, ஊசிகளைச் சரியாகப் பிடித்துக்கொண்டு பின்னத் தொடங்கினான். விரல்கள் வேர்த்தன. நூல் வழுக்கியது. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் ஊசி முனையையே பார்த்தான். நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பது தெரிந்தும் விடமுடியவில்லை. அறையில் அவனுடைய ஊசிச் சத்தம் மட்டும் கேட்டது. அந்த வரிசை முடிவதற்குள் ஒரு யுகம் ஆனது.

மனைவி மஃப்ளரை வாங்கி, அவன் போட்ட வரிசையை இழுத்துப் பார்த்தாள். பிறகு காகிதத்தைப் பிரித்துப் போர்வையை எடுத்து, பிரிக்காமல் விட்டிருந்த பழைய பகுதியில் விரலை ஓட்டினாள். இறுக்கமாக விழுந்த வரிசைகள் அங்கங்கே இருந்தன. ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனாள்.

"அண்ணே, தையலம்மா போய்ப் புதுசா ஒருத்தர் வந்துட்டாங்கன்னு கம்பெனியில சொல்லிடறேன்" என்றான் சுருட்டை.

"சொல்லிக்கோ" என்றான் மெக்கானிக். காது மடல்வரை சுட்டது.

"நீங்க கீழ போய் வண்டியைத் திருப்புங்க, நாங்க வர்றோம்" என்று மனைவி சொன்ன விதத்தில் சுருட்டை சிரிப்பை விழுங்கிக்கொண்டு படியிறங்கினான். அவள் மகளைப் பார்த்து, "போய் டிரெஸ் மாத்து" என்றாள். மகள் அசையவில்லை. "போடி கண்ணு. அம்மா உன்னைத் தப்பா திட்டிட்டேன். போய் மாத்திட்டு வா."

மகள் உள்ளே போனதும் அவனிடம் திரும்பினாள். "பின்னினதுக்கு நான் என்ன சொல்லப்போறேன்? சந்தோஷப்பட்டிருப்பேன். வெட்டினதுக்குக்கூடக் கோபம் வராது. குழந்தை திட்டு வாங்கிட்டு நிக்கறா, நீங்க டிவி பார்த்துக்கிட்டு 'குழந்தைதானே'ன்னு சொன்னீங்க பாருங்க." அதற்கு மேல் சொல்லாமல் போர்வையை மடித்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

மகள் நல்ல கவுனைப் போட்டுக்கொண்டு, தலையைப் பாதி வாரியபடி ஓடிவந்தாள். அம்மா பையோடு முன்னால் இறங்கிப் போனாள். மகள் வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டினாள். அவன் நொண்டிக்கொண்டு வந்து கதவைப் பிடித்து நின்றான். மன்னிப்புக் கேட்க வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"அன்னைக்கு அம்மா கேட்டப்ப என்னைத் திரும்பிப் பார்த்தியேம்மா" என்றான். "அப்பா சொல்லிடுவேன்னு எதிர்பார்த்தியா?"

"இல்லப்பா" என்றாள் மகள், குனிந்தபடியே. குறை சொல்லும் குரல் இல்லை அது. "நீ ரொம்பப் பயந்துட்டியான்னு பார்த்தேன்."

சொல்லிவிட்டு அடுத்த காலின் நாடாவைக் கட்டத் தொடங்கினாள்.